செல்கள் ஒன்றுபோல் நிரம்ப: வீட்டு லித்தியம் பேட்டரி, வாசகர் கேள்வி–பதில்

சொந்தமாக லித்தியம் பேட்டரி பேங்க் கட்டுகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பகுதி செல் பேலன்ஸ், அதாவது எல்லாச் செல்லையும் ஒரே சார்ஜ் அளவில் வைப்பது பற்றியே இருக்கிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் 'செல்' என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. செல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 24 வோல்ட் பேங்குக்காக 280 ஏ.எச். (ஆம்பியர் அவர்) செல்கள் எட்டு வாங்கியிருக்கிறேன். மல்டிமீட்டரில் எல்லாமே 3.29, 3.30 என்றுதான் காட்டுகின்றன. விற்றவரும் 'மேட்ச் செய்த செல்கள்' என்கிறார். அப்படியே சீரிஸில் இணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 3.29-க்கும் 3.30-க்கும் நடுவே எவ்வளவு சார்ஜ் ஒளிந்திருக்கிறது என்பதை மல்டிமீட்டர் சொல்லாது. எல்.எஃப்.பி. செல்லின் பாசிட்டிவ் தகட்டில் லித்தியம் உள்ள பொருளும் லித்தியம் நீங்கிய பொருளும் இரண்டு தனித் திடப்பொருள்களாக அருகருகே இருக்கின்றன. சார்ஜ் ஏற ஏற ஒன்று குறைந்து மற்றது கூடுகிறது. இரண்டும் சேர்ந்து இருக்கும்வரை வோல்டேஜ் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். நடுப்பகுதியில் சார்ஜ் 20 சதவீதம் கூடினாலும் ஓய்வு வோல்டேஜ் 10 மில்லிவோல்ட் அளவுக்கு மட்டுமே மாறக்கூடும். 280 ஏ.எச். செல்லில் 20 சதவீதம் என்பது 56 ஏ.எச். இரண்டு தசம இடம் காட்டும் மீட்டரில் அந்த 10 மில்லிவோல்ட் கடைசி இலக்கத்தில் ஒரே ஒரு எண்.

இந்த வித்தியாசம் வெளியே தெரிவது இரண்டு முனைகளில்தான். 3.40 வோல்ட்டைத் தாண்டினால் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும்; 3.0-க்குக் கீழே போனால் செங்குத்தாக விழும். சீரிஸில் எல்லாச் செல்லிலும் ஒரே கரன்ட் ஓடுவதால், கூடுதலாக நிரம்பியிருந்த செல் முதலில் 3.65-ஐத் தொடும். செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணு போர்டான பி.எம்.எஸ். உடனே சார்ஜை வெட்டிவிடும். மற்ற செல்கள் பாதி வழியில் நிற்கும். இரவில் குறைவாக நிரம்பிய செல் முதலில் காலியாகி, அங்கேயும் வெட்டு விழும். ஒரு செல் மட்டும் 56 ஏ.எச். முன்னே இருந்தால் உங்கள் 280 ஏ.எச். பேங்க் 224 ஏ.எச். பேங்காகத்தான் வேலை செய்யும்.

விற்றவர் சொன்னதும் பொய் ஆகாது. 'மேட்ச்' என்றால் கொள்ளளவும் உள் தடையும் ஒத்துப்போகின்றன என்று பொருள். எட்டு செல்களும் ஒரே அளவு சார்ஜில் இருக்கின்றன என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. அதை நீங்கள்தான் ஒருமுறை, உச்சியில் வைத்து, சரிசெய்ய வேண்டும். அதற்குப் பெயர்தான் டாப் பேலன்ஸ்.

கேள்வி: டாப் பேலன்ஸ் செய்வது எப்படி? என்னிடம் 30 வோல்ட், 10 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை இருக்கிறது. செல்கள் எட்டு, 280 ஏ.எச்.

பதில்: பலரும் தொடக்கத்திலேயே எட்டு செல்லையும் பேரலலில் கட்டிவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். பாதி சார்ஜில் வந்த எட்டு செல்களுக்கு மொத்தம் 1,120 ஏ.எச். ஏற்ற வேண்டும், 10 ஆம்பியரில் அது 112 மணி நேரம். அதே செல்களைச் சீரிஸில் கட்டினால் அந்த 10 ஆம்பியர் எட்டு செல் வழியாகவும் ஓடும். 14 மணி நேரத்தில் உச்சிக்கு அருகே வந்துவிடலாம். ஆகவே முதலில் சீரிஸ், பிறகு பேரலல்.

வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி மீதியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். 3.3 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஸ்பேனர் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் ஓடி, உலோகம் உருகித் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். செல்லின் அலுமினிய உறைக்கு மேல் இருக்கும் நீல நிற ஃபிலிம் மெல்லியது. செல்களுக்கு நடுவே எப்பாக்ஸி ஷீட் போன்ற இன்சுலேஷன் தகடு ஒன்று கட்டாயம் வேண்டும்.

சீரிஸ் கட்டம்: பி.எம்.எஸ். இணைத்த பிறகே சார்ஜ். பவர் சப்ளையை 28.4 வோல்ட்டில் வையுங்கள். பி.எம்.எஸ்.ஸில் செல் ஓவர்வோல்டேஜ் 3.65 என்று இருக்கட்டும். ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தொட்டு பி.எம்.எஸ். வெட்டியவுடன் இந்தக் கட்டம் முடிந்தது. ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். அதற்குள் மேலே நின்ற செல்லின் வோல்டேஜும் இறங்கியிருக்கும்.

அடுத்து சென்ஸ் வயர் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பி.எம்.எஸ்.ஸுக்குக் காட்டும் வயர்) கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, செல்களை இணைக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களைக் கழற்றி, செல்களைத் திருப்பி அடுக்க வேண்டும். சீரிஸில் செல்கள் மாறி மாறி நிற்கும். பேரலலில் எல்லா பாசிட்டிவும் ஒரே பக்கம் வர வேண்டும். ஆபத்து அதிகம் உள்ள இடம் இதுதான். ஒரு செல் திரும்பாமல் நின்றுவிட்டால் கடைசி பஸ்பாரை வைக்கும்போது நேரடி ஷார்ட். ஒவ்வொரு செல்லையும் சேர்க்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கிவிட்டு, மறுபக்கத்தில் பஸ்பாருக்கும் செல் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் சரி. 6.6 வோல்ட் காட்டினால் அந்தச் செல் தலைகீழாக நிற்கிறது.

பேரலலில் சேர்த்தபின், பவர் சப்ளையில் எதையும் இணைக்காமல் 3.60 வோல்ட் வையுங்கள். அதன் டிஸ்ப்ளேவை நம்பாமல் மல்டிமீட்டரால் உறுதி செய்யுங்கள். பாசிட்டிவ் வயரை வரிசையின் ஒரு கோடியிலும் நெகட்டிவ் வயரை எதிர்க் கோடியிலும் இணைத்தால் கரன்ட் எல்லாச் செல்லுக்கும் ஓரளவு சமமாகப் பிரியும். இணைத்த பிறகு வோல்டேஜ் குமிழைத் தொடாதீர்கள்.

இனி பொறுமை வேண்டும். ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 5 சதவீதம் பாக்கி என்றால் மொத்தம் 112 ஏ.எச்., அதாவது 11 மணி நேரம். அதில் பெரும்பகுதி நேரம் வோல்டேஜ் 3.37, 3.38 என்று நகராமல் கிடக்கும். 3.45-ஐத் தாண்டியதும் வேகம் பிடிக்கும். அதுவரை மணிக்கு ஒரு முறை பார்த்தால் போதும்; அதன் பிறகு கால் மணிக்கு ஒரு முறை பாருங்கள். செல் முனையில் 3.60 வந்து, கரன்ட் 1 ஆம்பியருக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். 3.65 வரை போகவேண்டிய அவசியம் இல்லை. அந்த எண் பெரிய கரன்ட்டில் வேகமாகச் சார்ஜ் செய்வதற்கான எல்லை. 2,240 ஏ.எச். தொகுப்புக்கு 10 ஆம்பியர் என்பது மிகச் சிறிய கரன்ட். இந்த வேகத்தில் 3.50 தாண்டும்போதே செல்கள் நிரம்பிவிட்டன. யாரும் பார்க்காத நேரத்தில் இதை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இடையில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

சார்ஜ் ஏற்றாமல் சும்மா பேரலலில் இரண்டு நாள் வைத்தாலே சமமாகிவிடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. வோல்டேஜ் அசையாமல் நிற்கும் நடுப்பகுதியில் செல்களுக்கிடையே ஓரிரு மில்லிவோல்ட்தான் வித்தியாசம். அதை வைத்து 50 ஏ.எச். இடம் மாறிவிடாது.

கேள்வி: பேரலலில் இணைத்து 3.65 வைத்திருக்கிறேன். 10 ஆம்பியர் சப்ளை 6 ஆம்பியர்தான் தருகிறது. செல்லில் 3.34 வோல்ட், இரண்டு நாளாக ஏறவே இல்லை. சப்ளையை 4 வோல்ட்டுக்கு உயர்த்தலாமா?

பதில்: கூடவே கூடாது. சப்ளையில் 3.65, செல்லில் 3.34, நடுவே தொலையும் 0.31 வோல்ட் உங்கள் வயரிலும் முதலை கிளிப்பிலும் விழுகிறது. 0.31-ஐ 6 ஆம்பியரால் வகுத்தால் சுமார் 50 மில்லிஓம். சப்ளையோடு வரும் மெல்லிய வயர்களில் இது வழக்கம். 4 வோல்ட் வைத்தால் கரன்ட் கூடும்தான். ஆனால் செல்கள் நிரம்பி கரன்ட் குறையும்போது வயரில் விழும் வோல்டேஜும் குறைந்துபோகும். கடைசியில் அந்த 4 வோல்ட் முழுவதும் செல்லுக்கே வந்து சேரும். செல் உப்பிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை அரை மீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டி, முனைகளில் ரிங் லக் (வளைய வடிவ உலோக முனை) வைத்து நசுக்கி கிரிம்ப் செய்து, போல்ட் போட்டு இறுக்குங்கள். அப்போது வயரின் மொத்தத் தடை 3 மில்லிஓம் அளவுக்கு இறங்கும். 10 ஆம்பியரில் 30 மில்லிவோல்ட்தான் போகும். இரண்டு நாளில் ஏறாததும் இயல்பே. செல்கள் பாதி சார்ஜில் வந்திருந்தால், 6 ஆம்பியரில் 1,120 ஏ.எச். ஏற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முன் கேள்வியில் சொன்னபடி சீரிஸுக்கு மாறுங்கள்.

கேள்வி: டாப் பேலன்ஸ் முடித்துப் பிரித்து வைத்தேன். மறுநாள் ஒரு செல் 3.48, இன்னொன்று 3.39, மற்றொன்று 3.36. எல்லாம் வீணாகிவிட்டதா?

பதில்: இல்லை. உச்சிக்கு ஏற்றிய செல் ஓய்வில் மெதுவாக 3.35 பக்கம் இறங்கும். ஒவ்வொரு செல்லும் தனக்கான வேகத்தில் இறங்கும். 3.40-க்கு மேலே உள்ள அந்த உயரம் முழுவதிலும் இருக்கும் சார்ஜ் மொத்தக் கொள்ளளவில் ஓரிரு சதவீதமே. சீரிஸில் கட்டி, கொஞ்சம் எடுத்து, திரும்ப ஏற்றிப் பாருங்கள். உச்சியில் எல்லாம் ஒன்றாக ஏறினால் பேலன்ஸ் சரி. ஒரே ஒரு செல் மட்டும் நாளுக்கு நாள் இறங்கி 3.30-க்கும் கீழே போனால் அது வேறு விஷயம்: சுய இழப்பு அதிகமுள்ள செல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பேங்க் கட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் சார்ஜ் முடியும் நேரத்தில் ஐந்தாவது செல் 3.65-க்குப் போய் வெட்டு விழுகிறது. மற்றவை 3.38. பி.எம்.எஸ்.ஸில் 100 மில்லிஆம்பியர் பேலன்ஸ் இருக்கிறது. அது தானாகச் சரிசெய்துவிடாதா?

பதில்: செய்யும், ஆனால் காலம் பிடிக்கும். ஐந்தாவது செல் 5 சதவீதம் முன்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 280-இல் அது 14 ஏ.எச். 0.1 ஆம்பியரில் அதை எரித்துத் தீர்க்க 140 மணி நேரம் வேண்டும். பேலன்ஸ் வேலை செய்வதோ செல் 3.40-க்கு மேல் இருக்கும் நேரத்தில் மட்டும். தினம் ஒரு மணி நேரம் அப்படிக் கிடைத்தால் 140 நாள். பி.எம்.எஸ்.ஸின் பேலன்ஸ் என்பது சரியாகக் கட்டிய பேங்கை அப்படியே காப்பாற்றத்தான். தொடக்கத்தில் விட்ட குறையைத் தீர்க்க அல்ல.

கையால் செய்தால் ஒரே நாளில் முடியும். 1 ஓம், 50 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர் ஒன்றை ஒரு உலோகத் தகட்டில் பொருத்தி, ஐந்தாவது செல்லுக்குக் குறுக்கே மட்டும் இணையுங்கள். சுமார் 3.3 ஆம்பியர் ஓடும், 11 வாட் சூடாகும்; தொட்டால் சுடும் என்பதால் செல்லிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் 6.6 ஏ.எச். வெளியேறும். கழற்றிவிட்டு, பேங்கை மறுபடி உச்சிவரை ஏற்றிப் பாருங்கள். இன்னும் ஐந்தாவதே முந்தினால் இன்னொரு இரண்டு மணி நேரம். ஒரேயடியாக 14 ஏ.எச். எடுத்துவிடாதீர்கள், வித்தியாசம் எவ்வளவு என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. அளவு மிஞ்சினால் அதே செல் பின்தங்கிவிடும்.

நிலைமை தலைகீழாக, ஏழு செல் மேலே, ஒன்று மட்டும் கீழே என்று இருந்தால், ஏழையும் வடிப்பது வீண் வேலை. பேங்கிலிருந்து சார்ஜரையும் லோடையும் நிறுத்திவிட்டு, 3.60 வோல்ட் வைத்த சப்ளையால் அந்த ஒரு செல்லை மட்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: 5 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் வாங்கி 24 மணி நேரமும் ஓடவிட்டேன். மாதம் ஆக ஆக உச்சியில் வித்தியாசம் குறையவில்லை, கூடுகிறது. பேலன்சர் பழுதா?

பதில்: ஆக்டிவ் பேலன்சர் என்பது ஒரு செல்லிலிருந்து சார்ஜை எடுத்து இன்னொன்றுக்கு மாற்றும் போர்டு. அது நன்றாகவே வேலை செய்கிறது, தவறான நேரத்தில். அதற்குத் தெரிந்தது வோல்டேஜ் மட்டும்; சார்ஜ் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. இரவில் லோடு ஓடும்போது உள் தடை சற்று அதிகமுள்ள செல்லின் வோல்டேஜ் சில மில்லிவோல்ட் கீழே தெரியும். அந்தச் செல்லில் சார்ஜ் குறைவு என்று பேலன்சர் முடிவுகட்டி, மற்ற செல்களிலிருந்து எடுத்து அதில் ஊற்றும். கொள்ளளவு குறைந்த செல்லுக்கும் இதே கதி: அடிப்பகுதியில் அது முதலில் இறங்குவதால் அதற்கு ஊற்றப்படும், மறுநாள் உச்சியில் அதுவே முதலில் பொங்கும்.

3.40-க்கு மேல், முடிந்தால் 3.42-க்கு மேல் மட்டும் பேலன்ஸ் தொடங்கும்படி அமையுங்கள். பி.எம்.எஸ்.ஸோடு சேர்ந்த ஆக்டிவ் பேலன்சர் என்றால் 'தொடக்க வோல்டேஜ்' என்று அமைப்பே இருக்கும். தனி போர்டு என்றால், ஆன்–ஆஃப் செய்வதற்கான முனை இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த வோல்டேஜ் பார்த்து ஆன் ஆகும் ரிலே ஒன்றை அதில் இணைக்கலாம். எட்டு செல் பேங்குக்கு 27.4 வோல்ட்டில் ஆன், 27.0-இல் ஆஃப். இரண்டும் முடியாது என்றால், மாதம் ஒருமுறை சார்ஜ் உச்சியில் இருக்கும்போது மட்டும் கையால் இணைத்துக் கழற்றுங்கள். எப்போதும் இணைந்தே இருப்பதைவிட அது மேல்.

கெப்பாசிட்டர் வகை போர்டுகளில் ஓடும் கரன்ட் செல்களுக்கிடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைப் பொறுத்தது. மேலே 5 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும், வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட் இருக்கும்போது ஓடுவது அதில் சிறு பகுதிதான்.

கேள்வி: மூன்றாவது செல் சார்ஜ் ஆகும்போது மற்றவற்றைவிட 70 மில்லிவோல்ட் மேலே, லோடு ஓடும்போது 70 மில்லிவோல்ட் கீழே. பேலன்ஸ் செய்து செய்து அலுத்துவிட்டது.

பதில்: பேலன்ஸ் செய்வதை நிறுத்துங்கள்; இது பேலன்ஸ் பிரச்சினையே அல்ல. சார்ஜில் மேலே, டிஸ்சார்ஜில் கீழே, கரன்ட் நின்றால் மற்றவற்றோடு ஒன்று என்றால் அது தடை. 100 ஆம்பியரில் 70 மில்லிவோல்ட் என்றால் 0.7 மில்லிஓம் கூடுதல் தடை; அந்த ஒரு இணைப்பில் 7 வாட் சூடு உண்டாகிறது.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க, 100 ஆம்பியர் அளவுக்கு ஒரு நிலையான லோடை ஓடவிடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் அலுமினிய முனையிலேயே குத்துங்கள். நட்டிலோ போல்ட்டிலோ வேண்டாம். மறுமுனையை அதன் மேல் அமர்ந்திருக்கும் பஸ்பாரில் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். 10-ஐத் தாண்டினால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய இணைப்பு. மூன்றாவது செல்லின் இரு முனைகளையும், அவற்றுக்கு அடுத்த செல்லின் முனைகளையும் இப்படியே பாருங்கள்.

கழற்றும்போது கவனித்துப் பாருங்கள்: பி.எம்.எஸ். சென்ஸ் வயரின் சிறிய லக், பஸ்பாருக்குக் கீழே, செல் முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவே சிக்கியிருக்கிறதா? இது அடிக்கடி நடக்கும் பிழை. நூறு ஆம்பியரும் அந்த மெல்லிய தகரத் துண்டின் வழியாகப் போகும். அதன் ஓரத்தில் பஸ்பார் சாய்ந்து நின்று பாதிப் பரப்பு காற்றில் இருக்கும். சரியான அடுக்கு: செல் முனை, அதன் மேல் நேரடியாக பஸ்பார், அதன் மேல் சென்ஸ் லக், பிளாட் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்.

சுத்தம் செய்ய 400 நம்பர் எமரி தாளால் செல் முனையையும் பஸ்பாரின் அடிப்பக்கத்தையும் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஆக்சைடு தடுக்கும் கிரீஸை மிக மெல்லிதாகப் பூசி, உடனே பொருத்துங்கள். நிக்கல் முலாம் பூசிய பஸ்பார் என்றால் முலாம் போகும்படி தேய்க்காதீர்கள். அலுமினியம் காற்றுப் பட்ட நேரத்திலிருந்தே ஆக்சைடு கட்டத் தொடங்கிவிடும். காலையில் தேய்த்து மாலையில் பூட்டினால் பயன் இல்லை. எம்6 ஸ்டட்டுக்கு செல்லின் டேட்டாஷீட் சொல்லும் டார்க் எவ்வளவோ அவ்வளவே. பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். கை பலத்தில் முறுக்கினால் மென்மையான அலுமினியத்தில் மரை உரிந்துவிடும். அப்புறம் அந்தச் செல்லைச் சரிசெய்வது பெரும்பாடு.

இதே தோற்றம் தரும் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. செல்களை இரண்டு வரிசையாக வைத்து வரிசைகளை நீளமான கேபிளால் இணைத்திருந்தால், சென்ஸ் வயர் கேபிளின் எந்தக் கோடியில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, கேபிளில் விழும் வோல்டேஜ் ஒரு செல்லின் கணக்கில் ஏறிவிடும். செல்லில் குறை இல்லை. கேபிளைத் தடிமனாக்கி, சுருக்கினால் போதும். இன்னொன்று: ஒரு செல் எவ்வளவு குறைவாகக் காட்டுகிறதோ அதே அளவு பக்கத்துச் செல் கூடுதலாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான சென்ஸ் வயரில் கிரிம்ப் சரியில்லை. மல்டிமீட்டரால் நேரடியாக அளந்தால் இரண்டும் சமமாக இருக்கும்.

உச்சியில் முதலில் மேலே போய், அடியிலும் முதலில் கீழே விழும் செல் என்றால் அதன் கொள்ளளவே குறைவு. எந்த பேலன்சாலும் அது பெரிதாகாது. மாற்ற வேண்டும், அல்லது அந்த அளவோடு பேங்கை ஓட்ட வேண்டும்.

கேள்வி: 24 வோல்ட் பேங்கில் கீழ் நான்கு செல்லிலிருந்து 12 வோல்ட் எடுத்து ரூட்டருக்குக் கொடுத்திருக்கிறேன். அரை ஆம்பியர்தான். இதனால் பாதிப்பு வருமா?

பதில்: வரும். அரை ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 12 ஏ.எச். அந்த நான்கு செல்களிலிருந்து மட்டும் கூடுதலாகப் போகிறது. பத்து நாளில் 120 ஏ.எச். எந்த பி.எம்.எஸ். பேலன்ஸும் இதை ஈடுகட்டாது. 24-இலிருந்து 12 ஆக்கும் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றை முழு பேங்கிலிருந்து, பி.எம்.எஸ்.ஸுக்கு வெளியே, ஒரு ஃப்யூஸ் போட்டு இணையுங்கள். பிறகு ஒருமுறை டாப் பேலன்ஸ் செய்துவிடுங்கள்.

கேள்வி: பழைய லெட் ஆசிட் இன்வெர்ட்டரில் 16 செல் எல்.எஃப்.பி. இணைக்கிறேன். எந்த எண்களை வைப்பது?

பதில்: சார்ஜ் வோல்டேஜ் 55.2 முதல் 56.0, அதாவது செல்லுக்கு 3.45 முதல் 3.50. அதில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிற்கட்டும். பேலன்ஸ் நடக்கும் நேரம் அதுதான். ஃப்ளோட் (நிரம்பிய பிறகு சார்ஜர் பிடித்து நிற்கும் வோல்டேஜ்) 53.6 முதல் 54.0. இன்வெர்ட்டர் நிற்க வேண்டிய வோல்டேஜ் 48. ஈக்வலைஸ் (வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றுவது) என்று ஒன்று இருந்தால் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். வெப்பநிலைக்கு ஏற்ப சார்ஜ் வோல்டேஜை மாற்றும் டெம்பரேச்சர் காம்பன்சேஷனைப் பூஜ்யம் ஆக்குங்கள். இவை இரண்டும் லெட் ஆசிட்டுக்கு நல்லது, இங்கே ஆபத்து. இரண்டையும் அணைக்கவே முடியாத இன்வெர்ட்டர் என்றால் அதன் சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள்.

பி.எம்.எஸ்.ஸில்: செல் ஓவர்வோல்டேஜ் 3.65, திரும்ப இணைவது 3.45, அண்டர்வோல்டேஜ் 2.70, திரும்ப இணைவது 3.0, பேலன்ஸ் தொடக்கம் 3.42, பேலன்ஸ் தொடங்கச் செல்களுக்கிடையே இருக்க வேண்டிய வித்தியாசம் 10 மில்லிவோல்ட். சார்ஜுக்கான குறைந்த வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும்; அந்தச் சேதம் திரும்பாது.

பேலன்ஸ் தொடக்கத்தை 3.45 என்றும் சார்ஜ் வோல்டேஜை 54.4 என்றும் வைத்துவிட்டு, பேலன்ஸ் நடக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. 54.4-ஐ 16-ஆல் வகுத்தால் 3.40, சமமாக உள்ள செல்கள் 3.45-ஐத் தொடவே போவதில்லை. தொடக்க எண் எப்போதும் சார்ஜ் எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். அதேபோல, தினசரி சார்ஜை நிறுத்துவது சார்ஜராக இருக்க வேண்டும், பி.எம்.எஸ். கடைசிக் காவல் மட்டுமே. முழுக் கரன்ட் ஓடும்போது பி.எம்.எஸ். திடீரென்று வெட்டினால் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரின் அவுட்புட்டில் வோல்டேஜ் எகிறி, அதையோ இன்வெர்ட்டரையோ பழுதாக்கலாம்.

கேள்வி: பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து எடுத்த 18650 செல்களால் 14 சீரிஸ் கட்டலாமா? பேலன்ஸ் எப்படி?

பதில்: பேலன்ஸ் இதில் சுலபம், செல் தேர்வுதான் கடினம். இந்த உருளை வடிவ லித்தியம் அயான் செல்களின் வோல்டேஜ் 4.2-இலிருந்து சரிவாக இறங்குவதால், ஓய்வு வோல்டேஜே சார்ஜை ஓரளவு சரியாகச் சொல்லிவிடும்.

2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லைத் தொடவே வேண்டாம். மற்றவற்றை 4.20 வரை ஏற்றுங்கள். ஏறும்போது கையில் சூடு தெரிகிற செல்லை ஒதுக்குங்கள். மூன்று வாரம் சும்மா வைத்து, 4.10-க்குக் கீழே இறங்கியவற்றையும் ஒதுக்குங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கக் கூடாது. சுய இழப்பு உள்ள ஒரு செல் தன் பேரலல் குழுவையே மாதக்கணக்கில் கீழே இழுத்துக்கொண்டிருக்கும், நீங்கள் பேலன்ஸ் செய்துகொண்டே இருப்பீர்கள். பிறகு மீண்டும் 4.20 வரை ஏற்றி, கொள்ளளவு சோதனை: அங்கிருந்து 2.8 வோல்ட் வரை அரை ஆம்பியரில் இறக்கி, அச்சிட்ட அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை வேண்டாம்.

மீதியை 14 குழுவாகப் பிரிக்கும்போது செல் எண்ணிக்கையைவிட மொத்தக் கொள்ளளவு சமமாக இருப்பதே முக்கியம். ஒரு குழுவில் 40 செல், சராசரி 2,000 மில்லிஆம்பியர் அவர் என்றால் 80 ஏ.எச். வரும், குழுக்களுக்கிடையே 1 சதவீதத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஃப்யூஸ் கம்பி கட்டாயம். இல்லாவிட்டால் ஒன்று ஷார்ட் ஆகும்போது மற்ற 39-ம் தம்மிடம் உள்ளதை அதில் கொட்டும். எல்லாக் குழுவையும் 4.10-க்கு ஏற்றி, சீரிஸில் கட்டுங்கள். மொத்தச் சார்ஜ் வோல்டேஜை 57.4-இல் நிறுத்தினால் ஆயுள் கூடும்.

ஆனாலும் முதன்முதலாகக் கட்டுகிறவர்களுக்கு இந்த வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இந்தச் செல்கள் எரியத் தொடங்கினால் எல்.எஃப்.பி.யைவிட மிக வேகமாக, பக்கத்துச் செல்லுக்கும் தாவும். கட்டியே தீருவது என்றால் குடியிருக்கும் அறையில் வைக்காதீர்கள், மரப் பெட்டியும் வேண்டாம். எல்.எஃப்.பி. செல்லோடு எந்த வகையிலும் கலக்காதீர்கள்.

கேள்வி: டாப் பேலன்ஸுக்குப் பதில் பாட்டம் பேலன்ஸ் செய்தால் என்ன?

பதில்: எல்லாச் செல்லையும் 2.6 வோல்ட் பக்கம் இறக்கி அங்கே சமன் செய்வது அது. அடிவரை ஓட்டுகிற வண்டிகளுக்குச் சிலர் செய்கிறார்கள். வீட்டு பேங்க் பெரும்பாலான நாள் உச்சியைத் தொடும், அடியை அரிதாகத்தான் தொடும். பி.எம்.எஸ். பேலன்ஸும் உச்சியில்தான் வேலை செய்யும். நீங்கள் அடியில் சமன் செய்ததை அது தினமும் உச்சியில் கலைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: மூன்று வருடம் ஓடிய பேங்கில் ஒரு செல் உப்பிவிட்டது. புதிய செல் ஒன்று மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதும், அதே வகைச் செல்லாக, பழையவற்றுக்குச் சமமாகவோ அதிகமாகவோ கொள்ளளவு உள்ளதாக இருந்தால். பேங்கை உச்சிவரை ஏற்றி வையுங்கள். புதிய செல்லைத் தனியாக 3.60 வரை, கரன்ட் நன்றாக இறங்கும்வரை ஏற்றுங்கள். லோடையும் சார்ஜரையும் பிரித்து, சென்ஸ் கனெக்டரைப் பிடுங்கி, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்துங்கள். கனெக்டரைத் திரும்பச் செருகும் முன் அதன் ஒவ்வொரு அடுத்தடுத்த பின்னுக்கும் நடுவே மீட்டர் வைத்து, ஒவ்வொரு பின்னுக்கும் 3.3 முதல் 3.5 வோல்ட் வீதம் வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு வயர் இடம் மாறியிருந்தாலும் பி.எம்.எஸ். போர்டு போய்விடும். உப்பிய செல்லைக் குத்தவோ அழுத்தவோ செய்யாமல், இரண்டு முனையையும் டேப் ஒட்டி மூடி, லித்தியம் பேட்டரி மறுசுழற்சி செய்யும் இடத்தில் ஒப்படையுங்கள்.